கார் ஸ்டார்ட் ஆகலையா? காரைக்குடிக்கு பேட்டரி ஆய்வகம் கொண்டுவந்த அழகப்பச் செட்டியாரின் கதை

பொங்கல் லீவுக்கு சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறீர்கள். அப்பாவின் கார் முகப்பில் உறை போர்த்தி நிற்கிறது. பிள்ளையார்பட்டி வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வரலாம்னு சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக். அவ்வளவுதான். என்ஜின் அசையவே இல்லை.

மெக்கானிக்குக்கு போன் போட்டால் பேட்டரி டவுன் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஆனால் பேட்டரி ஏன் டவுன் ஆகிறது, நிஜமாகவே பேட்டரிதானா, இல்லை வேறு ஏதாவதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அறிவியலுக்கு மின்வேதியியல் என்று பெயர். அதற்காகவே நாட்டில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. அது டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, காரைக்குடியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக சிக்ரி என்பார்கள். முழுப்பெயர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

பெரிய துறைமுகமோ தொழிற்சாலைகளோ இல்லாத ஒரு ஊருக்கு இப்படி ஒரு ஆய்வகம் எப்படி வந்தது? அதற்குக் காரணமானவர் விஞ்ஞானி இல்லை. ஆங்கில இலக்கியம் படித்த வியாபாரி. 48 வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனவர். அவர் பெயர் அழகப்பச் செட்டியார்.

கோட்டையூரில் ஒரு பிள்ளை

காரைக்குடியை ஒட்டியிருக்கும் கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்தார் அழகப்பர். அப்பா ராமநாதன் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி.

அன்றைய செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டு ஆண் பிள்ளைக்கு வாழ்க்கைப் பாதை ஏறக்குறைய போட்டு வைக்கப்பட்டிருக்கும். கணக்கு நன்றாக வரவேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேற வேண்டும். அதற்கு கொண்டுவிக்கப் போவது என்று பெயர். அங்கே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக ஆரம்பித்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்வார்கள். அந்தப் பணத்தில்தான் பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலிப் பளிங்கும் வைத்த பெரிய வீடுகள் எழும்பின. கல்லூரிப் படிப்பு இந்தப் பாதையில் இல்லை. அது தேவை என்றும் பலர் நினைக்கவில்லை.

அழகப்பர் இந்தப் பாதையில் போகவில்லை. காரைக்குடியில் பள்ளிப் படிப்பு முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். அப்போது வயது 21. நகரத்தார் சமூகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அடுத்து லண்டன். மிடில் டெம்பிளில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். லண்டனில் சார்ட்டர்டு வங்கியிலும் பயிற்சி எடுத்தார். பரம்பரையாக லேவாதேவி செய்த குடும்பத்துப் பையன், நவீன வங்கி எப்படி நடக்கிறது என்பதை அது நடக்கும் இடத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

விமானம் ஓட்டிய செட்டியார்

லண்டனில் அவர் இன்னொரு வேலையும் பார்த்தார். குராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு பைலட் சான்றிதழ் வாங்கினார்.

இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். ஆனால் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடங்கியதே 1932-ல்தான். அந்தக் காலச் சிறு விமானங்களில் பலவற்றில் பட்டனை அழுத்தினால் என்ஜின் ஓடும் வசதி கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். என்ஜின் பிடித்துக்கொண்ட கணமே கையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கை போய்விடும்.

கார்களுக்கும் இதே கதைதான். முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஆரம்பகால கார்களை ஸ்டார்ட் செய்தார்கள். என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் கையெலும்பு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் காரில் வந்த பிறகுதான் இந்த ஆபத்து குறையத் தொடங்கியது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்குச் சில நொடிகளுக்கு நூறு, இருநூறு ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அதைத் தரக்கூடிய பொருளாகக் கைவசம் இருந்தது ஈய-அமில பேட்டரி. பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859-லேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். ஹேண்டிலை வீட்டுக்கு அனுப்பியது பேட்டரிதான். இருந்தாலும் நம் ஊரில் பழைய அம்பாசடர் வைத்திருந்தவர்கள் அந்த ஹேண்டிலை டிக்கியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பேட்டரி என்றைக்குக் காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்?

மில், தியேட்டர், ஏர்லைன்ஸ்

ஊர் திரும்பிய அழகப்பர் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. வியாபாரத்தில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூர் பக்கம் 1937-ல் துணி மில் தொடங்கினார். அந்த மில்லைச் சுற்றி வளர்ந்த இடத்துக்கு இன்றைக்கும் அழகப்பா நகர் என்றுதான் பெயர். மலேயாவில் ரப்பர், பர்மாவில் தகரச் சுரங்கம், கல்கத்தாவில் இன்சூரன்ஸ், பம்பாயில் ஹோட்டல், சென்னையில் தியேட்டர், பங்குச் சந்தை நிறுவனம் என்று கிளை கிளையாகப் பரவினார். விமானம் ஓட்டப் படித்தவர் சும்மா இருப்பாரா? ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பணத்தின் பெரும்பகுதி பர்மாவில் கடனாகவும் நிலமாகவும் முடங்கியிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் நெல் நிலங்களில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் அந்த அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஒரே இடத்தில், ஒரே தொழிலில் பணத்தைப் போடாமல் ஆலைகளுக்கும் புதுத் தொழில்களுக்கும் போனவர்களில் அழகப்பர் ஒருவர்.

ஆங்கிலேய அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. சுதந்திரம் வந்ததும் அந்தப் பட்டத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

உடம்பு ஒத்துழைக்கவில்லை

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கொடிகட்டிப் பறந்த மாதிரி தெரியும். ஆனால் அழகப்பருக்குத் தொழுநோய் வந்திருந்தது.

இப்போது தொழுநோய் முழுக்கக் குணமாகும் நோய். கூட்டு மருந்து சிகிச்சை 1980களில் வந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அழகப்பர் காலத்தில் அப்படி இல்லை. 1940கள் வரை பெரும்பாலும் நீரடிமுத்து எண்ணெய்தான் மருந்து. டாப்சோன் மாத்திரை அதற்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. நோயைவிட நோயின் பேர் பெரிய தண்டனை. நோயாளியைத் தொட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். வீட்டுக்குள் ஒதுக்கி வைப்பார்கள். அந்த வெறுப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு உதாரணம்: விவாகரத்துக்குத் தொழுநோயும் ஒரு காரணம் என்ற பிரிவு நம் நாட்டுச் சட்டங்களிலிருந்து 2019-ல்தான் நீக்கப்பட்டது.

காசு இருந்தும் குணப்படுத்திக்கொள்ள முடியாத நோய். இந்த நிலையில் ஒரு பணக்காரர் இரண்டு விஷயங்கள் செய்யலாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம். இல்லையென்றால் மிச்சமிருக்கும் வருஷங்களில் என்ன செய்ய முடியும் என்று பார்க்கலாம். அழகப்பர் செய்தது இரண்டாவது.

கொடுக்கத் தொடங்கினார்

திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். இன்றைய கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை அந்தக் கொடையில் பிறந்ததுதான். 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். கிண்டியில் ஏ.சி. டெக் வந்தது. இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு அங்கமாக இருக்கும் அந்தக் கல்லூரியின் ஏ.சி. என்ற எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று அங்கே படிக்கும் பலருக்கே தெரியாது. அழகப்பச் செட்டியார் என்பதன் சுருக்கம்தான் அது.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் நடந்தது. கல்லூரிகள் தொடங்க வசதி உள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கே கேட்டுக்கொண்டார். அழகப்பர் அதே கூட்டத்தில் காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். யோசித்துச் சொல்கிறேன், கமிட்டி போடுகிறேன் என்ற பேச்சே இல்லை. சில வாரங்களில், அந்த ஆகஸ்டிலேயே, காரைக்குடியில் இருந்த ஒரு கட்டடத்தில் அழகப்பா கல்லூரி வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன. கட்டடம் கட்டிவிட்டுக் கல்லூரி தொடங்கலாம் என்று காத்திருந்தால் அந்த வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போயிருக்கும்.

அதன்பிறகு நிற்கவே இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, மழலையர் பள்ளி என்று வரிசையாக வந்தன. தான் குடியிருந்த மாளிகையையே பெண்கள் கல்விக்கு எழுதிக்கொடுத்தார்.

300 ஏக்கர், 15 லட்சம்

இப்போது பேட்டரி கதைக்கு வருவோம்.

சுதந்திரம் வந்த கையோடு நாடு முழுக்கத் தேசிய ஆய்வகங்கள் அமைக்கும் வேலை தொடங்கியது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் பிரதமர் நேருவும் அதில் தீவிரமாக இருந்தார்கள். இப்படி ஒரு ஆய்வகம் வருகிறது என்றால் பெரிய நகரங்கள் போட்டி போடும். காரைக்குடி மாதிரி ஒரு ஊருக்கு அதில் என்ன வாய்ப்பு?

அழகப்பர் வாய்ப்பை விலை கொடுத்து உண்டாக்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் சமயத்தில், குடியரசுத் துணைத்தலைவராக இருந்த எஸ். ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார்.

மின்வேதியியல் என்றால் பேட்டரி மட்டும் இல்லை. உப்புநீரில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடா எடுப்பது, அலுமினியம், மெக்னீசியம் மாதிரி உலோகங்களைப் பிரிப்பது, பாத்திரம் முதல் நகை வரை முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது எல்லாமே இதற்குள் வரும். புதிதாகத் தொழில் தொடங்கும் நாட்டுக்கு இவை அத்தனையும் தேவை. கடற்காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு கள நிலையத்தையும் சிக்ரி வைத்திருக்கிறது.

சரி, உங்கள் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஈயத் தகடு, இன்னொரு பக்கம் ஈய டை ஆக்சைடு தகடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். ஒரு அறைக்கு சுமார் 2.1 வோல்ட். ஆறையும் சேர்த்தால் 12.6 வோல்ட். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் தண்ணீராகிக்கொண்டே வரும். சார்ஜ் ஏற்றினால் இதே வேலை திரும்பி நடக்கும். மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

முதலில் காதைத் தீட்டுங்கள். பிறகுதான் ஸ்பேனர்.

* டிக்டிக்டிக் என்று வேகமாகத் தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் செத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.
* ஒரே ஒரு டிக் மட்டும் பலமாகக் கேட்டு, ஹெட்லைட் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார், சொலினாய்டு அல்லது வயர் இணைப்பில் கோளாறு இருக்கலாம்.
* என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் இல்லை, அல்லது இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை.
* சத்தமே இல்லை, டேஷ்போர்டிலும் விளக்கு இல்லை என்றால் பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேஷ்போர்டு எரிந்தும் சத்தம் இல்லையென்றால், ஆட்டோமேட்டிக் கார் கியர் பி அல்லது என்-ல் இருக்கிறதா, புஷ் பட்டன் கார் என்றால் ரிமோட் சாவிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள்.

* 12.6 வோல்ட்: முழு சார்ஜ்.
* 12.4: முக்கால்வாசி.
* 12.2: பாதி.
* 12.0-க்குக் கீழே: ஏறக்குறைய காலி.

இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி அந்த நேரத்தில் மீட்டரைக் கவனியுங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். 12-லேயே நின்று வெறும் டிக் மட்டும் வந்தால் பேட்டரி நல்லா இருக்கு, மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12-ஐச் சுற்றியே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அந்த நிலைமையில் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் ரெண்டு நாளில் அதுவும் படுத்துவிடும். பலரும் காசை விடுவது இங்கேதான்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். பல சமயம் இதுவே வைத்தியம்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை உங்கள் கார் என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் தீப்பொறி பறந்தால் வெடிக்கும். சிகரெட் கூடவே கூடாது. பேட்டரி உப்பியிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ தொடாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

செட்டிநாட்டுக் கார்களுக்கு மட்டும் ஏன்?

செட்டிநாட்டில் பூட்டிய வீடுகள் அதிகம். குடும்பங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், திருவிழா, படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். கார் மாசக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும்.

நிற்கும் காரும் மின்சாரம் சாப்பிடும். கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு எல்லாம் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி காலியாகி அப்படியே கிடந்தால் தகட்டில் படிந்த ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது. இதோடு நம்ம ஊர் வெயில். சூடு அதிகமானால் பேட்டரியில் தண்ணீர் ஆவியாகும், உள்ளே தகடு அரிக்கும். குளிர் பேட்டரியைச் சோம்பலாக்கும். வெயில்தான் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பரிகாரம் எளிது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது காரை ஓட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறும விட்டு அணைத்தால் நஷ்டம்தான், ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ்கூட முழுசாகத் திரும்பாது. ஓட்ட ஆள் இல்லையென்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

எலெக்ட்ரிக் கார் வாங்கிட்டேன், எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்கிறீர்களா? பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருந்தாலும் கார் கண் திறக்காது.

கடைசி வருடங்கள்

சிக்ரி திறந்தபோது அழகப்பருக்கு 43 வயது. பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்துவிட்ட உடம்பு. மத்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. 1957 ஏப்ரல் 5 அன்று அவர் இறந்தார். மறுநாள் அவருக்கு 48-வது பிறந்தநாள்.

அவர் உருவாக்கிய வியாபாரங்களில் பலவற்றை இன்று தேடினால் கிடைக்காது. ஜூபிடர் ஏர்வேஸ் விமானங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும்தான் பறக்கின்றன. ஆனால் கொடுத்தவை நின்றுவிட்டன. காரைக்குடிக் கல்லூரிகளைச் சுற்றி 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. ஏ.சி. டெக்கில் இன்றும் வகுப்பு நடக்கிறது. சிக்ரி பேட்டரி ஆராய்ச்சியில் ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு நகர்ந்துவிட்டது. அங்கே உருவான லித்தியம் அயனி பேட்டரி தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 2018-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எலெக்ட்ரிக் கார்களைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், 1948-ல் ஒருவர் எழுதிக்கொடுத்த அந்த 300 ஏக்கரில் அதற்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அழகப்பர் பேட்டரி நிபுணர் இல்லை. லித்தியம் பேட்டரி ஒன்றை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. தனக்குத் தெரியாத ஒரு துறையில், தான் பார்க்கப்போகாத ஒரு காலத்துக்காக, தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். நிறுத்தி வைத்த பேட்டரி கெட்டுப்போகும் என்பது மின்வேதியியலின் பாலபாடம். பணத்துக்கும் அது பொருந்தும் என்பதை அவர் வாழ்ந்து காட்டியதாகச் சொல்லலாம்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாவியைத் திருப்பி டிக் டிக் என்று கேட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். கார் ஸ்டார்ட் ஆனதும், அரை மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும் இல்லையா? அப்படியே கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள்.